இந்தப் பானை எந்தக் கல்லறைப் பானை?

கேட்கப்பட்ட கேள்வி இது: "பால்டிக் கடலோரத்துப் பழைய கல்லறைகளில் கிடைத்த பானைகள் இப்போது எங்கே இருக்கின்றன? ஒரே இடுகாட்டின் பொருட்கள் மூன்று நாடுகளில் சிதறிக் கிடப்பதாகப் படித்தேன். அப்படியானால் ஒரு பானை இன்ன கல்லறையைச் சேர்ந்தது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?"

பின்பாதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் பானையை வைத்துச் சொல்வதில்லை, காகிதத்தை வைத்துத்தான் சொல்கிறார்கள். காகிதம் தொலைந்த பானை வெறும் பானை. பானை தொலைந்தாலும் காகிதம் இருந்தால் பாதிக் கல்லறையை மீட்டுவிடலாம். இது விசித்திரமாகத் தோன்றும். ஆனால் இரண்டாம் உலகப் போர்வரை பால்டிக் கரையில் ஜெர்மனியின் மாகாணமாக இருந்த கிழக்கு பிரஷ்யாவின் சேகரிப்புக்கு என்ன நடந்தது என்று தெரிந்தால் புரியும்.

பிரஷ்யா என்றதும் கூர்முனைத் தொப்பி போட்ட ஜெர்மன் சிப்பாய்தான் நினைவுக்கு வருவான். அந்தப் பெயர் ஜெர்மானியருடையதே அல்ல. பழம்பிரஷ்யர் என்பவர்கள் லித்துவேனியருக்கும் லாட்வியருக்கும் மொழியால் பங்காளிகள். இன்றைய வடகிழக்குப் போலந்திலும் ருஷ்யாவின் கலினின்கிராத் பகுதியிலும் வாழ்ந்தார்கள். 13ஆம் நூற்றாண்டில் டியூட்டானிக் என்ற ஜெர்மன் சிலுவைப் படையினர் நிலத்தைப் பிடித்தார்கள், கூடவே பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். பழம்பிரஷ்ய மொழி 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு அழிந்துபோனது. அந்த மக்கள் தங்கள் கையால் எழுதி வைத்த வரலாறு எதுவும் இல்லாததால், 5ஆம் நூற்றாண்டு முதல் 12ஆம் நூற்றாண்டு வரை அவர்களைப் பற்றித் தெரிய வேண்டுமானால் கல்லறைகளைத்தான் தோண்டியாக வேண்டும்.

பால்டிக் மக்கள் எல்லோருமே கல்லறையில் பானை வைத்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. கிழக்கே லாட்காலியர், செம்காலியர் போன்றவர்கள் உடலை எரிக்காமல் புதைத்தார்கள். அங்கே வெண்கல நகையும் ஆயுதமும் குவியும், பானையைப் பார்ப்பது அரிது. மேற்கு லித்துவேனியக் கடற்கரைக் கல்லறைகளில் உள்ளங்கையில் அடங்கும் சின்னஞ்சிறு பானைகள் வரும். சமைக்கவோ தண்ணீர் எடுக்கவோ உதவாத அளவு. கல்லறைக்கென்றே செய்தவை என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. பிரஷ்யரும் மசூரியா ஏரிப் பகுதியில் இருந்தவர்களும்தான் எரித்த எலும்பைப் பானையில் இட்டுப் புதைத்தார்கள். சில இடங்களில் எலும்புப் பானைக்குப் பக்கத்தில் இன்னொரு சிறிய பானையும் இருக்கும். வைக்கிங் காலம் நெருங்க நெருங்க இந்த வழக்கமும் தேய்ந்து, எலும்பையும் சாம்பலையும் குழியில் அப்படியே கொட்டிவிடுவது பெருகியது. ஆக நான் இங்கே பேசும் பானைகளில் பெரும்பகுதி 5ஆம் நூற்றாண்டு முதல் 7ஆம் நூற்றாண்டு வரையிலானவை.

நம் ஊர் முதுமக்கள் தாழியை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாந்துபோவீர்கள். ஆளையே குந்த வைக்கிற அளவெல்லாம் இல்லை. இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கக்கூடிய பானை, அவ்வளவுதான். வளர்ந்த ஒருவரை எரித்தால் மிஞ்சும் எலும்பு ஒன்றரை முதல் இரண்டரை கிலோ. அதற்கு இந்த அளவே தாராளம். பல பானைகளில் அதைவிட மிகக் குறைவான எலும்புதான் இருக்கும். சிதையிலிருந்து எல்லாவற்றையும் பொறுக்கவில்லை, ஒரு பங்கை மட்டும் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

அழகும் குறைவுதான். இப்படிப்பட்ட பானை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். சக்கரத்தில் வனைந்ததில்லை. களிமண்ணைக் கயிறாகத் திரித்து, வளையத்தின் மேல் வளையமாக அடுக்கி, விரலால் தேய்த்து ஒட்டியிருப்பார்கள். உட்புறத்தில் விரலை ஓட்டினால் வளையங்கள் சேர்ந்த இடத்தில் லேசான மேடு பள்ளம் தட்டுப்படும். உடைந்த ஓரத்தைப் பார்த்தால் வெள்ளையும் ரோஜா நிறமுமாகக் கற்கள் பல்லிளிக்கும், நடுவில் அபிரகத் துணுக்கு மினுங்கும். பனிப்பாறைகள் இழுத்து வந்து போட்டுவிட்டுப் போன கிரானைட் உருண்டைகள் அந்த மண் முழுக்கக் கிடக்கின்றன. அடுப்பில் சுட்டுச் சுட்டு நொறுங்கிப்போன கல்லை இடித்து மண்ணோடு பிசைவது வழக்கம். கல் சேர்த்தால்தான் காயும்போதும் சுடும்போதும் பானை வெடிக்காது. சூளை கிடையாது, திறந்த நெருப்பில் சுட்டதுதான். அதனால் ஒரு பக்கம் செம்மண் நிறம், மறுபக்கம் கருப்பு, நடுவில் புகைத் திட்டு. சக்கரத்தின் உதவியோடு செய்த பானை ஸ்லாவிய அண்டை நாட்டாரிடமிருந்து இங்கே பரவியது மிகவும் பிந்தி, 10, 11ஆம் நூற்றாண்டு வாக்கில்.

சில பானைகளின் உள்ளே கருகிய உணவுப் பொருக்கு ஒட்டியிருக்கும். நேற்றுவரை அடுப்பில் இருந்த பானைதான் ஆள் போனதும் எலும்புப் பானையாகியிருக்கிறது. எனக்கு, உடையைக் குத்தி நிறுத்தும் நுணுக்க வேலைப்பாடுள்ள வெள்ளி ஊசிகளைவிட இந்தப் பொருக்குதான் அதிகம் பேசுவதாகப் படும். அது என் சொந்த ரசனை, விட்டுவிடுங்கள்.

இந்த ஈமச் சடங்கை நேரில் கண்டதுபோல் சொல்லும் ஒரே ஒரு பழைய சாட்சி இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டின் கடைசியில் வுல்ஃப்ஸ்டான் என்ற கடலோடி இந்தக் கரைக்கு வந்து, ட்ரூசோ என்ற வணிகத் துறையைப் பார்த்துவிட்டுப் போனார். அவர் சொன்னது இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் மன்னர் காலத்துப் பழைய ஆங்கில நூலில் சேர்ந்திருக்கிறது. இறந்தவரை உடனே எரிப்பதில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம் வீட்டிலேயே கிடத்துகிறார்கள். அரசன் என்றால் அரையாண்டுகூட. அத்தனை நாளும் குடியும் விளையாட்டும். பிறகு இறந்தவரின் சொத்தில் மிஞ்சியதை ஐந்தாறு குவியலாகப் பிரித்து, ஊரிலிருந்து ஒரு மைல் தூரத்துக்குள் வரிசையாக வைக்கிறார்கள். குதிரைப் பந்தயம் விட்டு, முந்துகிறவன் பெரிய குவியலை எடுத்துக்கொள்கிறான். அதனால் அங்கே வேகமான குதிரைக்கு ஏகப்பட்ட விலை. அதன் பிறகுதான் தகனம். எரியாத எலும்பு ஒன்று கண்ணில் பட்டால்கூடப் பெரிய பரிகாரம் செய்ய வேண்டும் என்கிறார்.

சரி, இரண்டு மாதம் பிணத்தை எப்படி வைத்திருப்பார்கள்? அதற்கும் வுல்ஃப்ஸ்டானிடம் பதில் உண்டு. குளிர் உண்டாக்கத் தெரிந்த குலம் ஒன்று அவர்களிடையே இருக்கிறதாம். இரண்டு பாத்திரம் நிறைய பீரோ தண்ணீரோ வைத்தால், கோடையானாலும் சரி, குளிர்காலமானாலும் சரி, உறைய வைத்துவிடுவார்களாம். நிலவறையில் பனிக்கட்டி சேமித்தார்களா, கடலோடி காதில் யாரோ பூ சுற்றினார்களா, தெரியாது. ஆனால் சாவு வீட்டில் பாத்திரமும் பானமும் எவ்வளவு முக்கியம் என்று காட்டும் வரி அது. அரசரும் செல்வரும் குதிரைப்பால் குடிப்பார்கள், ஏழையும் அடிமையும் தேன்மது குடிப்பார்கள் என்றும் அவரே சொல்கிறார். எலும்புப் பானைக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் பானையில் என்ன இருந்திருக்கும் என்று யோசிக்கும்போதெல்லாம் இந்த வரி நினைவுக்கு வரும்.

இந்த ட்ரூசோ எங்கே என்று நெடுநாள் தேடிக்கொண்டிருந்தார்கள். போலந்தில் எல்பிளாங் நகருக்குப் பக்கத்தில் ஜானுவ் பொமோர்ஸ்கி என்ற இடத்தில் 1982ல்தான் அது பிடிபட்டது.

பானைகளிலேயே விசித்திரமானவை மசூரியாவைச் சேர்ந்தவை. ஓல்ஷ்டின் நகரைச் சுற்றி 5 முதல் 7ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்த கூட்டத்தை ஆய்வாளர்கள் ஓல்ஷ்டின் குழு என்கிறார்கள். தான்யூப் கரையிலிருந்தும் ஸ்காண்டிநேவியாவிலிருந்தும் வந்த பாணியில் உடை ஊசிகள் அணிந்த, நாலாபுறமும் தொடர்பு வைத்திருந்த ஆட்கள். குதிரைகளையும் தனியே புதைத்தார்கள். அவர்களுடைய எலும்புப் பானைகள் சிலவற்றின் வயிற்றில் ஜன்னல் போல ஓட்டை வெட்டியிருக்கும். உடைந்த ஓட்டை இல்லை, வேண்டுமென்றே விட்டது. தண்ணீர் பிடிக்க உதவாது, சமைக்க உதவாது. ஆவி போய்வர வழி என்று ஒரு விளக்கம் எளிதாக நாக்கில் வந்துவிடும். நான் அதை நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நிச்சயமாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: அடுப்பிலிருந்து இறக்கிய பானையைக் கல்லறைக்குத் தந்தவர்கள் ஒரு பக்கம் இருக்க, இவர்கள் சாவுக்கென்றே தனிப் பானை செய்தார்கள்.

இனி அருங்காட்சியகக் கதை. கோனிஸ்பெர்க் (இன்றைய கலினின்கிராத்) நகரில் 1844ல் "புருசியா" என்ற தொல்பொருள் சங்கம் தொடங்கியது. அதன் அருங்காட்சியகம் நகரக் கோட்டைக்குள் வளர்ந்து, இரண்டாம் உலகப் போருக்கு முன் அந்தப் பகுதியின் மிகப் பெரிய தொல்பொருள் சேகரிப்பாக இருந்தது. அதே நகரில் இன்னொரு அறிவியல் சங்கமும் தனியாக அருங்காட்சியகம் நடத்தியது. அங்கே இருந்தவர் ஓட்டோ டிஷ்லர். டோல்கைம் இடுகாட்டை 1879ல் தோண்டியவர். கல்லறைப் பொருட்களின் வடிவத்தை ஒப்பிட்டு A முதல் E வரை அவர் வகுத்த காலப் பிரிவுகள் இன்றைக்கும் அடித்தளமாக இருக்கின்றன. நாம் பேசும் பானைகள் பெரும்பாலும் அவருடைய E பிரிவில் விழும். இரண்டு சேகரிப்புகளும் பின்னால் ஒன்றாயின. புருசியா சங்கத்தை நெடுங்காலம் தலைமை தாங்கி நடத்திய பெட்சன்பெர்கர் தொழிலால் சமஸ்கிருதப் பேராசிரியர். அந்தக் காலத்தில் இப்படித்தான், காலையில் வேதம், மாலையில் மண்வெட்டி.

அருங்காட்சியகத்தில் சிறு பொருட்களைக் கல்லறை வாரியாக அட்டையில் கம்பி போட்டுக் கட்டி வைத்தார்கள். ஊசி, வளையல், பெல்ட் கொக்கி எல்லாம் ஒரே அட்டையில், மேலே ஊர்ப் பெயரும் கல்லறை எண்ணும். அருமையான ஏற்பாடு. ஆனால் பானையை எந்த அட்டையில் கட்டுவது? அது அலமாரியில் தனியாக நிற்க வேண்டும். கல்லறையோடு அதற்கு இருக்கும் ஒரே உறவு அடியில் எழுதிய எண்தான். அந்த மை அழிந்தாலோ, எண் எழுதிய துண்டே உடைந்துபோனாலோ உறவு அறுந்தது. கனமான, எளிதில் நொறுங்குகிற சாமான் வேறு. நெருக்கடியில் ஊரைக் காலி செய்கிறவர்கள் எதை முதலில் பெட்டியில் போடுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

நெருக்கடி வந்தது. போர் முற்றியபோது ஆய்வுச் சேகரிப்பை ராஸ்டன்பெர்க் பக்கத்துக் கார்ல்ஸ்ஹோஃபுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து ஒரு பகுதி மேற்கே டெம்மின் பக்கம் போனது. 1944 ஆகஸ்டில் பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு போட்டதில் கோனிஸ்பெர்க் கோட்டை எரிந்தது. 1945க்குப் பிறகு நகரம் சோவியத் கையில் கலினின்கிராத் ஆனது. 1960களின் இறுதியில் கோட்டையின் மிச்சச் சுவரையும் வெடி வைத்துத் தகர்த்தார்கள். சேகரிப்பே அழிந்தது என்று பல பத்தாண்டுகள் பேசிக்கொண்டார்கள்.

அழியவில்லை, மூன்றாகப் பிரிந்திருந்தது. மேற்கே போன பெட்டிகள் கிழக்கு ஜெர்மனியின் அறிவியல் அகாதமியின் வசம் பெர்லினில் கிடந்தன. அதை வெளியே சொல்லவில்லை. 1990ல்தான் பத்தாயிரக்கணக்கான பொருட்களும் ஏராளமான ஆவணத் தாள்களும் பெர்லின் தொல்வரலாற்று அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. கார்ல்ஸ்ஹோஃபில் தங்கிவிட்டவை போலந்து எல்லைக்குள் வந்து, ஓல்ஷ்டின் கோட்டையில் உள்ள வார்மியா மசூரியா அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. மூன்றாவது பகுதிதான் சினிமா போல. தகர்த்த நகரக் கோட்டை அல்ல, கலினின்கிராத்தின் மூன்றாம் எண் கோட்டை என்ற வேறொன்று ராணுவத்தின் கையில் இருந்தது. ராணுவம் போனபின் 1999ல் அங்கே குப்பைக்கும் மண்ணுக்கும் நடுவில் ஆயிரக்கணக்கான பொருட்கள் கிடைத்தன. அவை இன்று கலினின்கிராத் வரலாறு, கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பெர்லினிலும் ஓல்ஷ்டினிலும் சில பொருட்கள் ஊர்ப் பெயரோடாவது தப்பின. கோட்டையில் கிடைத்தவை பெரும்பாலும் பெயரற்றவை. நீங்கள் படித்த மூன்று நாடுகள் இவைதான்.

(பெர்லினைச் சொன்னதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஆதிச்சநல்லூரை 1876ல் முதன்முதல் தோண்டிய யாகோரும் கண்டெடுத்தவற்றைப் பெர்லினுக்குத்தான் கொண்டுபோனார்.)

இப்போது காகிதம். போருக்கு முன் கோனிஸ்பெர்க் போய் உட்கார்ந்து குறிப்பெடுத்தவர்கள் இருந்தார்கள். ஃபெலிக்ஸ் யாகப்சன் என்ற லாட்விய இளைஞர் 1920களில் அங்கே இருந்து டௌமன், கெல்லாரன் என்ற இரண்டு ஓல்ஷ்டின் குழு இடுகாடுகளைப் பற்றி ஆய்வேடு எழுதினார். கல்லறை கல்லறையாக, பொருள் பொருளாகப் படம் போட்டு வைத்தார். 1930ல் இளம் வயதிலேயே இறந்துபோனார். ஆய்வேடு அச்சேறவில்லை. அவர் படம் போட்ட பொருட்கள் போரில் சிதறின, ஆனால் அவருடைய தாள்கள் ரீகாவில் பத்திரமாக இருந்தன. அந்த ஆய்வேடு 2009ல்தான் புத்தகமாக வந்தது, எழுதி எண்பது ஆண்டுக்குப் பிறகு. அதேபோல எஸ்டோனியாவின் மார்த்தா ஷ்மீடெஹெல்ம் எடுத்த குறிப்புகள் தாலினில் இருக்கின்றன. ஹெர்பெர்ட் யான்கூனின் குறிப்புகளும் பயன்படுகின்றன. அவர் பின்னாளில் நாஜிகளின் எஸ்.எஸ். அமைப்பின் தொல்லியல் வேலையில் இறங்கியவர். அந்த ஆளை மன்னிக்க வேண்டியதில்லை, ஆனால் மாணவராக இருந்தபோது அவர் வரைந்த கோட்டோவியத்தைத் தூக்கி எறியவும் முடியாது. அருங்காட்சியகத்தின் பதிவேட்டுப் புத்தகங்களில் மிஞ்சியவை ஓல்ஷ்டினில் இருந்தன, 2008ல் அவையும் அச்சில் வந்தன.

வேலை எப்படி நடக்கும் என்றால், உதாரணத்துக்கு எண் பாதி அழிந்த பானை ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் மூன்று கோடு, தோளில் ஒரு பக்கம் மட்டும் சிறிய சிதைவு. பதிவேட்டில் அந்த எண்ணில் முடியும் வரிகளை எல்லாம் எடுக்கிறார்கள். அவற்றில் "பானை" என்று இருப்பவை நான்கு. நான்கு ஊர்க் கோப்புகளைப் புரட்டுகிறார்கள். பெர்லின் காப்பகத்தில் பி.எம்.-ஏ என்று தொடங்கும் எண்கள் இந்த ஊர்க் கோப்புகளுக்கு உரியவை. ஒரு கோப்பில் தோண்டியவர் எழுதிய கடிதம், இன்னொன்றில் குழியின் வரைபடம். அப்புறம் ரீகாவிலோ தாலினிலோ உள்ள ஓவியத்தில் அதே மூன்று கோடு, அதே இடத்தில் அதே சிதைவு. அழகான முழுப் பானையைவிட அடிபட்ட பானையை அடையாளம் காண்பது எளிது. பொருந்தினால் பானைக்குக் கல்லறை கிடைத்துவிட்டது, கூடவே எந்த ஊசியோடும் எந்தக் கொக்கியோடும் புதைந்தது என்பதும், அதன் வழியாகக் காலமும் கிடைத்துவிடும்.

பானையை மட்டும் பார்த்துக் காலம் சொல்ல முடியாதா என்று கேட்பீர்கள். தோராயமாக முடியும். கையால் செய்த முரட்டுப் பானையின் வடிவம் நூறு, இருநூறு ஆண்டுக்கு அதிகம் மாறாது. உடை ஊசியின் பாணி ஒரு தலைமுறையிலேயே மாறிவிடும். அதனால்தான் பானை ஊசியைத் தேடி ஓடுகிறது.

இன்னொரு இழப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், அருங்காட்சியகங்கள் அதிகம் பேச விரும்பாத விஷயம். 19ஆம் நூற்றாண்டில் தோண்டியவர்கள் பலர் பானையைக் கவிழ்த்து எலும்பைக் கொட்டிவிட்டு, நன்றாகக் கழுவிக் காட்சிக்கு வைத்தார்கள். விடுபட்ட இடத்தில் ஜிப்சம் பூசி, பானை நிறத்திலேயே வண்ணமும் அடித்தார்கள். அன்றைக்கு எரிந்த எலும்பால் என்ன பயன் என்று நினைத்திருப்பார்கள். அதிக வெப்பத்தில் வெந்த எலும்பை நேரடியாகக் கரிமக் (ரேடியோகார்பன்) காலக் கணிப்புக்கு உட்படுத்தும் வழி 1990களின் இறுதியில்தான் தெரிந்தது. இன்று அந்த எலும்பிலிருந்து காலம் மட்டுமல்ல, அந்த ஆள் எந்த மண்ணில் வளர்ந்தார் என்றும் ஸ்ட்ரான்ஷியம் ஐசோடோப்பு விகிதத்தைக் கொண்டு ஆராய்கிறார்கள். அதனால் இப்போது பானை கிடைத்தால் யாரும் கவிழ்ப்பதில்லை. மண்ணோடு கட்டி எடுத்து, ஸ்கேன் செய்து, ஆய்வுக்கூடத்தில் அடுக்கடுக்காகப் பிரிக்கிறார்கள். பழைய சேகரிப்பில் கழுவாமல் தப்பிய அழுக்குப் பானை ஒன்று இருந்தால் அதுதான் இன்றைக்குப் பொக்கிஷம்.

இறந்தவரை எரித்துப் புதைக்கும் வழக்கம் எப்போது நின்றது என்பதற்கு ஒரு தேதியே இருக்கிறது. 1249 பிப்ரவரி 7. தோற்றுப்போன பிரஷ்யர்கள் டியூட்டானிக் படையினரோடு கிறிஸ்ட்பர்க் ஒப்பந்தம் செய்துகொண்ட நாள். இனி இறந்தவரை எரிக்க மாட்டோம், குதிரையோடும் ஆயுதத்தோடும் துணிமணியோடும் புதைக்க மாட்டோம், கிறிஸ்தவர் போலக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்வோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். எழுதிக் கொடுத்த அன்றே ஊரெல்லாம் நின்றிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. தடை போட வேண்டியிருந்தது என்பதிலிருந்தே, அதுவரை எவ்வளவு பிடிவாதமாக எரித்துக்கொண்டிருந்தார்கள் என்று தெரிகிறது.

நீங்களே தேடிப் பார்க்க விரும்பினால் ஒரு நடைமுறைச் சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். ஊர்ப் பெயர். தோண்டியபோது இருந்த ஜெர்மன் பெயரில்தான் பழைய பதிவு இருக்கும். பால்டிக், ஸ்லாவியச் சாயல் தெரிந்த பெயர்களை 1938ல் நாஜி அரசு கூட்டமாக மாற்றியது. 1945க்குப் பிறகு போலந்தும் சோவியத்தும் மறுபடி மாற்றின. பில்கல்லன் என்ற ஊர் 1938ல் ஷ்லோஸ்பெர்க், இன்று டோப்ரோவோல்ஸ்க். டௌமன் என்று தேடினால் பெர்லின் ஆவணம் வரும், டுமியானி என்று தேடினால் போலந்து ஆய்வு வரும், இரண்டும் ஒரே இடுகாடு. டிஷ்லர் தோண்டிய டோல்கைம் இன்று கோவ்ரோவோ. 1992 முதல் 2002 வரை ருஷ்ய ஆய்வாளர்கள் அங்கே திரும்பவும் தோண்டியதைப் படிக்க வேண்டுமென்றால் அந்தப் பெயரில்தான் தேட வேண்டும். வைக்கிங் கால மேடுகள் நிறைந்த விஸ்கியௌட்டன் இன்று மோகோவோயே. பழைய பெயர், 1938ல் மாறியிருந்தால் அந்தப் பெயர், இன்றைய பெயர், எல்லாவற்றையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.